நிலவின் நீர்: காலையில் தெரிந்து உச்சியில் மறைந்த ஒரு பள்ளம்

சந்திரயான்-1 கலத்தில் இருந்த ஒரு நிறமாலைக் கருவி, நிலவின் மேற்பரப்பில் நீரின் அடையாளத்தைக் கண்டது. அந்தத் தரவு கைக்கு வந்த நாளிலிருந்து, 'நிலவின் நீர் இடத்துக்கு இடம், பொழுதுக்குப் பொழுது எவ்வளவு மாறுகிறது' என்ற கேள்வி இன்று நிற்கும் இடம் வரை இங்கே வரிசையாகப் பதிவு செய்கிறேன். இதில் வரும் விஞ்ஞானிகளின் பெயர்களை விட்டுவிட்டேன். அவர்கள் எந்தக் கட்டத்தில் எந்த முடிவை எடுத்தார்கள், ஏன் எடுத்தார்கள் என்பதுதான் இங்கே முக்கியம். தொலையுணர்வுத் தரவைக் கையாளும் மாணவர்களுக்கு இது உதவும் என்று நம்புகிறேன்.

பின்னணி

1969 முதல் 1972 வரை அப்போலோ பயணங்கள் 382 கிலோ கல்லும் மண்ணும் கொண்டுவந்தன. அவற்றைச் சோதித்தவர்கள் நிலவில் நீர் இல்லை என்ற முடிவுக்கு வந்தார்கள். சில மாதிரிகளில் நீரின் சுவடு இருந்தது உண்மைதான். ஆனால் அது பூமிக் காற்றிலிருந்து ஒட்டிக்கொண்டது என்று ஒதுக்கினார்கள்.

ஒதுக்கியதற்குக் காரணமும் இருந்தது. கற்கள் வந்த அலுமினியப் பெட்டியைக் கொஞ்சம் கிட்டே பார்க்கலாம். மூடும் வாயில் ஒருபக்கம் கத்தி முனை போன்ற விளிம்பு, எதிர்ப்பக்கம் இண்டியம் என்ற மென்மையான உலோகப் பட்டை. மூடி அழுத்தினால் விளிம்பு பட்டைக்குள் இறங்கி, காற்றுப் புகாதபடி அடைத்துக்கொள்ள வேண்டும். நிலவில் அந்தப் பட்டையின் மேல் தூசி படிந்தது. கண்ணாடித் தூளைப் போன்ற கூர்மையான தூசி அது. விளிம்பு சரியாகப் பதியவில்லை, பல பெட்டிகள் கசிந்தன. ஆக, உள்ளே ஈரம் தெரிந்தால் அது வழியில் புகுந்தது என்று நினைப்பது நியாயமாகவே பட்டது. அந்த நியாயம் மெல்ல மெல்ல ஒரு நம்பிக்கையாக இறுகி, ஏறக்குறைய 40 ஆண்டுகள் நீடித்தது.

துருவங்களின் கதை தனி. அங்கே சில பள்ளங்களின் அடியில் வெயில் படுவதே இல்லை. 1998 இல் சென்ற லூனார் பிராஸ்பெக்டர் கலத்தின் நியூட்ரான் கருவி, துருவங்களில் ஹைட்ரஜன் கூடுதலாக இருப்பதைக் காட்டியது. நிழலில் பனிக்கட்டி இருக்கலாம் என்பதைப் பலரும் ஏற்றார்கள். ஆனால் வெயில் காயும் நிலத்தில், பகலில் 120 டிகிரி செல்சியஸ் தொடும் மண்ணில், நீர் இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

கருவியும் கலமும்

சந்திரயான்-1, 2008 அக்டோபர் 22 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி.-சி11 ராக்கெட்டில் கிளம்பியது. அதில் வெளிநாட்டுக் கருவிகளும் இருந்தன. அவற்றுள் ஒன்று நாசா கொடுத்த நிலவுக் கனிம வரைபடக் கருவி. அதைச் சுருக்கமாக எம்-3 என்பார்கள். எடை சுமார் 8 கிலோ.

நிலத்தில் பட்டுத் திரும்பும் சூரிய ஒளியை அலைநீளம் அலைநீளமாகப் பிரித்துப் பார்ப்பது அதன் வேலை. எந்த அலைநீளத்தில் ஒளி குறைகிறதோ, அதை அங்குள்ள ஏதோ ஒரு பொருள் உறிஞ்சியிருக்கிறது. அலைநீளத்துக்கு எவ்வளவு ஒளி என்று கோடாக வரைந்தால், அந்த வரைபடத்தில் அந்த இடம் ஒரு பள்ளமாக விழும். பைராக்சின் போன்ற கனிமங்களுக்கு 1, 2 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பக்கத்தில் பள்ளம் விழும். நீருக்கும், ஓர் ஆக்சிஜனும் ஒரே ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த ஹைட்ராக்சிலுக்கும் 3 மைக்ரானை ஒட்டி விழும்.

எம்-3 பார்க்கக்கூடிய எல்லை 3 மைக்ரானோடு முடிகிறது. பின்னால் வந்த சிக்கல்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்த எல்லைதான் வேர்.

கலத்துக்கும் கஷ்டங்கள் இருந்தன. 2008 நவம்பரிலேயே அதன் வெப்பநிலை 50 டிகிரியைத் தாண்டியது. கலத்தைச் சற்றுத் திருப்பி, எல்லாக் கருவிகளையும் ஒரே நேரத்தில் இயக்காமல் சமாளித்தார்கள். நட்சத்திரங்களைப் பார்த்துத் திசை அறியும் உணரிகள் பழுதாயின. 2009 மே மாதம் சுற்றுப்பாதையை 100 கிலோமீட்டரிலிருந்து 200 கிலோமீட்டருக்கு உயர்த்தினார்கள். இரண்டு ஆண்டு ஓட வேண்டிய கலம் 2009 ஆகஸ்ட் 29 அதிகாலையில் தொடர்பை இழந்தது. அதற்குள் எம்-3 நிலவின் 95 சதவீதத்துக்கு மேல் படமெடுத்திருந்தது. ஆனால் பெரும்பகுதி குறைந்த நுணுக்கத்தில் எடுத்தது. தேர்ந்த இடங்களை உயர் நுணுக்கத்தில் பார்க்கும் வேலை பெருமளவு நடக்காமலே போயிற்று.

கண்ணில் பட்டது

முதல் தரவுகளைப் பிரித்துப் பார்த்தபோது, பல இடங்களில் வரைபடத்தின் வலது கோடி கீழே சரிந்தது. வழக்கமான நிலவு மண்ணின் கோடு இடமிருந்து வலமாக மெல்ல ஏறும். இங்கே அப்படி ஏறி வந்த கோடு, 2.8 மைக்ரானைத் தாண்டியதும் வளைந்து இறங்கி, 3 மைக்ரானில் முடிந்துவிட்டது. கிணற்றின் ஒருபக்கச் சுவர் மட்டும் தெரிகிறது. அடி தெரியவில்லை, எதிர்ச்சுவரும் தெரியவில்லை.

எங்கே தெரிந்தது என்பதிலும் ஓர் ஒழுங்கு இருந்தது. துருவங்களை நெருங்க நெருங்கச் சரிவு ஆழமானது. நிலநடுக்கோட்டுப் பக்கம் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. அண்மைக் காலத்தில் உண்டான, ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம் மிகுந்த சில விண்கல் பள்ளங்களைச் சுற்றி அழுத்தமாக இருந்தது. ஆனால் நியூட்ரான் கருவி காட்டிய ஹைட்ரஜன் வரைபடத்தோடு இது ஒத்துப்போகவில்லை. நியூட்ரான் கருவி மண்ணுக்குள் பல பத்து சென்டிமீட்டர் ஆழம் வரை உணரும். எம்-3 மேலே உள்ள சில மில்லிமீட்டரை மட்டும் பார்க்கும். அப்படியானால் இது நிலத்தின் மேல்தோலில் மட்டும் நடக்கிற விஷயம்.

முதல் முடிவு: அவசரப்படாமல் இருப்பது

எம்-3 குழு உடனே அறிவிக்கவில்லை. முதலில் தங்கள் கருவியையே சந்தேகப்பட்டார்கள். அந்தச் சந்தேகத்துக்கு மூன்று காரணங்களைக் காண்கிறேன்.

சரிவு கருவியின் பார்வை முடியும் விளிம்பில் விழுந்தது என்பது முதல் காரணம். எந்தக் கருவியும் அதன் எல்லை ஓரத்தில்தான் அதிகம் தடுமாறும். அடுத்து, கலம் சூடாகி இருந்தது. அகச்சிவப்பு உணரிக்குக் குளிர்ச்சி வேண்டும், அது சூடானால் இல்லாத சரிவையும் காட்டக்கூடும். மூன்றாவது, அந்த 40 ஆண்டு நம்பிக்கை. இவ்வளவு பேர் உலர்ந்தது என்று சொன்ன நிலத்தில் நீரைக் கண்டோம் என்று சொல்ல, ஒரு வரைபடத்தின் வலது கோடி போதாது.

சில மாதங்கள் அளவீட்டைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தார்கள். கருவிக் கோளாறு என்றால் அது நிலவின் எந்த இடத்தைப் பார்த்தாலும் ஒரே மாதிரி வர வேண்டும். இந்தச் சரிவோ நிலத்திலுள்ள விண்கல் பள்ளங்களின் வடிவத்தோடும் நிலத்தின் வகையோடும் மாறியது. எவ்வளவு முயன்றும் அதைப் போக்க முடியவில்லை.

இந்த மாதங்களை நான் மிகவும் மதிக்கிறேன். கையில் வந்த பெரிய செய்தியைத் தாங்களே உடைத்துப் பார்க்க இவ்வளவு நாள் செலவழிப்பது எளிதல்ல. மேலே கலத்தின் உணரிகள் ஒவ்வொன்றாகப் பழுதாகிக்கொண்டிருந்த நாட்கள் அவை.

இரண்டாவது முடிவு: வேறு கண்களைத் தேடுவது

எம்-3 தரவை எத்தனை முறை அலசினாலும் 3 மைக்ரானுக்கு அப்பால் என்ன என்பது தெரியப்போவதில்லை. ஆகவே அதைத் தாண்டிப் பார்க்கும் கருவிகளைத் தேடினார்கள். குழுவிலேயே வேறு இரண்டு கலங்களோடு தொடர்புடையவர்கள் இருந்தது இங்கே கைகொடுத்தது.

ஒன்று சனிக் கோளுக்குப் போன காசினி. 1999 ஆகஸ்டில் பூமியைக் கடந்தபோது அதன் நிறமாலைமானி நிலவைப் பார்த்திருந்தது. அது 5 மைக்ரான் வரை பார்க்கும். பத்து ஆண்டுகளாக இருந்த அந்தத் தரவை எடுத்துத் திருத்திப் பார்த்தார்கள். பள்ளம் அதிலும் இருந்தது.

இன்னொன்று டீப் இம்பாக்ட். வால்மீனை நோக்கிப் போய்க்கொண்டிருந்த அந்தக் கலத்துக்கு 2009 ஜூனில் நிலவைப் பார்க்கும் வாய்ப்பு இருந்தது. அதன் பார்வையும் 4 மைக்ரானைத் தாண்டிப் போகும். ஜூன் 2 இல் ஒருமுறை, ஜூன் 9 இல் மறுமுறை நிலவின் வடபகுதியைப் பார்த்தது.

இந்த ஒரு வார இடைவெளியில்தான் நம் கேள்வியே பிறந்தது. நிலவின் ஒரு பகல்-இரவு நமக்கு 29.5 நாள். ஏழு நாள் என்றால் அங்கே கால் சுற்று. முதல்முறை பார்க்கும்போது காலையில் இருந்த நிலம் மறுமுறை உச்சிவெயிலில் இருக்கும். ஒரே இடத்தை இரண்டு பொழுதில் பார்த்தபோது, காலையில் ஆழமாக இருந்த பள்ளம் உச்சியில் ஆழம் குறைந்தது, மாலையை நெருங்கிய இடங்களில் மறுபடி ஆழமாக இருந்தது. வெயில் மொத்தம் எவ்வளவு பட்டது என்பதைவிட, அந்த நேரத்தில் நிலம் எவ்வளவு சூடாக இருந்தது என்பதோடு இது பொருந்தி வந்தது.

2009 செப்டம்பர் 24

மூன்று ஆய்வுகளும் ஒன்றாக வெளியாயின. வெயில் படும் நிலத்தில் நீர் அல்லது ஹைட்ராக்சில் பரவலாக இருக்கிறது, துருவப் பக்கம் அதிகம், பொழுதோடு மாறுகிறது என்பது செய்தி. அளவு மிகச் சிறியது. மேல் மண்ணில் ஒரு டன்னைத் திரட்டினால் அதிகபட்சம் ஒரு லிட்டர் அளவில் நீர் கிடைக்கலாம் என்று அப்போது விளக்கினார்கள். இரண்டு வாரம் கழித்து, அக்டோபர் 9 அன்று, நாசாவின் எல்கிராஸ் திட்டத்தில் ஒரு ராக்கெட் பகுதியைத் தென்துருவத்தின் கேபியஸ் பள்ளத்தில் மோதவிட்டு, எழுந்த தூசியில் எடைக்கணக்கில் சுமார் 5.6 சதவீதம் நீர் இருப்பதாகக் கண்டார்கள். அது நிழலில் உறைந்து கிடக்கும் நீர். இரண்டையும் குழப்பிக்கொள்ளும் செய்திகள் இன்றும் வருகின்றன.

மேற்பரப்பு நீருக்குச் சொல்லப்பட்ட விளக்கம் இது. சூரியக் காற்றில், அதாவது சூரியனிலிருந்து வீசும் மின்னேற்றத் துகள்களில், வரும் ஹைட்ரஜன் அயனிகள் நொடிக்கு 400 கிலோமீட்டர் போன்ற வேகத்தில் மண்ணில் மோதுகின்றன. மண்ணின் எடையில் நாற்பது சதவீதத்துக்கு மேல் ஆக்சிஜன்தான், கனிமங்களோடு கட்டுண்டு கிடக்கிறது. மோதி உள்ளே புகும் ஹைட்ரஜன் அதோடு சேர்ந்து ஹைட்ராக்சிலாகிறது, சில இடங்களில் நீராகவும் ஆகலாம். சூடு ஏறும்போது பிடி தளர்ந்து நகர்கிறது, ஆறும்போது மறுபடி சேர்கிறது.

அடுத்த சிக்கல்: நீர் போகிறதா, நம் கண்ணுக்கு மறைகிறதா

இதுதான் இந்த நிகழ்வின் மையம் என்று நினைக்கிறேன், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

சூடான நிலம் சும்மா இருக்காது. அதுவே அகச்சிவப்பு ஒளியை வெளியே விடும். 3 மைக்ரான் பக்கத்தில் கருவிக்கு வருவது இரண்டு ஒளிகளின் கலவை: பட்டுத் திரும்பிய சூரிய ஒளி, அப்புறம் நிலத்தின் சொந்த வெப்ப ஒளி. நீர் தோண்டிய பள்ளத்தில் இந்த வெப்ப ஒளி வந்து விழுந்து அதைத் தூர்த்துவிடுகிறது. நிலம் எவ்வளவு சூடோ அவ்வளவு தூர்ந்துபோகும்.

ஆகவே 'உச்சிவெயிலில் பள்ளம் குறைகிறது' என்ற ஒரே கோட்டுக்கு இரண்டு அர்த்தம் உண்டு. சூட்டில் நீர் போய்விட்டது என்பது ஒன்று. நீர் அங்கேயே இருக்க, வெப்ப ஒளி பள்ளத்தை மூடிவிட்டது என்பது இன்னொன்று. நிலநடுக்கோட்டில் இல்லை, துருவத்தில் இருக்கிறது என்ற பழைய வரைபடத்துக்கும் இதே இரண்டு அர்த்தம்தான். இரண்டையும் ஆட்டுவது ஒரே சூரியன்.

வெப்ப ஒளியைக் கழிக்க வேண்டுமானால் நிலத்தின் வெப்பநிலை தெரிய வேண்டும். எம்-3 இருந்த கலத்தில் அதற்கென்று தனி வெப்பமானி கிடையாது. அதே கோட்டின் வலது கோடியிலிருந்தே வெப்பநிலையை ஊகித்தார்கள். அதாவது, நீர் இல்லாவிட்டால் அங்கே கோடு எப்படி இருந்திருக்கும் என்று வைத்துக்கொண்டு, மிச்சத்தை வெப்பம் என்று எடுத்துக்கொள்வது. நீர் இருந்து கோடு தாழ்ந்திருந்தால், ஊகித்த வெப்பநிலையும் தாழ்ந்துவிடும். கழிக்க வேண்டிய அளவு கழியாது. பள்ளம் பாதி தூர்ந்தபடியே நிற்கும். நீர் இல்லை என்ற எண்ணம் திருத்தக் கணக்குக்குள்ளேயே இருந்துவிட்டது. இது யாருடைய அலட்சியமும் இல்லை, கையில் இருந்த தரவின் குறைபாடு.

2017 இல் ஒரு குழு வேறு வழியில் வெப்பநிலையை மதிப்பிட்டுத் தரவை மறுபடி திருத்தியது. நிலநடுக்கோட்டிலும் சிறிது நீர் தெரிந்தது, ஆனாலும் துருவம் நோக்கி அது கூடியது. தாழ்ந்த அட்சரேகைகளில் பொழுதுக்குப் பொழுது மாற்றமும் தெரிந்தது. 2018 இல் இன்னொரு குழு, ஒரே பிக்சலுக்குள் மேடு, பள்ளம், நிழல், கல் என்று பல வெப்பநிலைகள் கலந்திருப்பதையும் கணக்கில் சேர்த்தது. அவர்களுக்குக் கிடைத்த விடை முற்றிலும் வேறு: எல்லா அட்சரேகையிலும் எல்லாப் பொழுதிலும் பள்ளம் இருக்கிறது, பெரிதாக மாறுவதில்லை. அப்படி நகராமல் நிற்பது நீர் மூலக்கூறைவிட மண்ணோடு இறுகக் கட்டுண்ட ஹைட்ராக்சிலாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

ஒரே கருவி, ஒரே தரவு, திருத்தக் கணக்கு மட்டும் வேறு. ஒன்று நீர் நடமாடுகிறது என்கிறது, மற்றது அசையாமல் இருக்கிறது என்கிறது.

மூன்றாவது முடிவு: 6 மைக்ரானுக்குப் போவது

3 மைக்ரான் பள்ளத்தில் இன்னொரு குறையும் உண்டு. நீரும் ஹைட்ராக்சிலும் அங்கே ஒன்றாகவே விழும், பிரித்துச் சொல்ல முடியாது. 6 மைக்ரானில் அப்படியில்லை. இரண்டு ஹைட்ரஜனும் நடுவில் ஆக்சிஜனும் சேர்ந்த மூலக்கூறு வளைந்து அசையும்போது மட்டுமே அந்த அடையாளம் வரும். ஹைட்ராக்சிலுக்கு இரண்டாவது ஹைட்ரஜன் இல்லாததால் அது அங்கே தெரியாது.

ஆனால் பூமியின் காற்றிலுள்ள நீராவி 6 மைக்ரான் ஒளியை விழுங்கிவிடும். அதற்கு மேலே போக வேண்டும். நாசாவும் ஜெர்மானிய விண்வெளி மையமும் சேர்ந்து நடத்திய சோஃபியா இருந்தது: போயிங் 747 விமானத்தின் பக்கவாட்டில் கதவு வெட்டி, 2.7 மீட்டர் குறுக்களவுள்ள தொலைநோக்கியைப் பொருத்தியது. 12 கிலோமீட்டருக்கு மேல் பறக்கும்போது நீராவியில் 99 சதவீதத்துக்கு மேல் கீழே தங்கிவிடும். தொலைதூர மங்கலான பொருட்களைப் பார்க்கக் கட்டிய தொலைநோக்கி அது. கண் கூசும் நிலவைப் பார்க்கச் சரிப்படுமா என்பதே தெரியாமல், சோதனையாகத்தான் முதலில் திருப்பினார்கள்.

2018 ஆகஸ்ட் இறுதியில், தென்கோளத்தில் இருக்கும் கிளேவியஸ் பள்ளத்தையும், ஒப்பிட்டுப் பார்க்க நிலநடுக்கோட்டுக்கு அருகே ஓர் இடத்தையும் பார்த்தார்கள். கிளேவியஸில் 6 மைக்ரான் அடையாளம் கிடைத்தது. 2020 அக்டோபரில் வெளியான முடிவின்படி பத்து லட்சம் பங்கு மண்ணில் 100 முதல் 412 பங்கு நீர். ஒரு கன மீட்டர் மண்ணுக்கு ஏறக்குறைய 350 மில்லி. சஹாரா மணலில் இதைப்போல நூறு மடங்கு நீர் இருக்கிறது. ஆனால் இது வெயிலில் கிடக்கும் நிலத்தில் இருக்கும் உண்மையான நீர் மூலக்கூறு. விண்கல் மோதலில் உருகி உறைந்த கண்ணாடி மணிகளுக்குள்ளோ, மண்துகள்களின் இடுக்கிலோ ஒளிந்திருப்பதால்தான் வெயிலுக்குத் தப்புகிறது என்று நினைக்கிறார்கள்.

அப்புறம் 2022 இல் தென்துருவப் பக்கம் பார்த்தபோது, மேடுகளின் வெயில் பக்கத்தைவிட நிழல் பக்கத்தில் நீர் அதிகமாகத் தெரிந்தது. துருவம், நடுக்கோடு என்று பேசிக்கொண்டிருந்த கேள்வி, ஒரே மேட்டின் இரண்டு பக்கம் என்ற அளவுக்குக் கிட்டே வந்துவிட்டது. அந்த ஆண்டு செப்டம்பரில் சோஃபியா ஓய்வு பெற்றது.

எதிர்பாராத ஒரு சோதனை

முழுநிலவையொட்டிச் சில நாட்கள் நிலவு பூமியின் காந்த வாலுக்குள், அதாவது சூரியனுக்கு எதிர்ப்பக்கம் நீண்டு கிடக்கும் பூமியின் காந்தப்புலத்துக்குள், நுழைகிறது. அப்போது சூரியக் காற்று பெரும்பாலும் தடைபடும். நீர் உருவாவது அதனால் மட்டுமே என்றால் அந்த நாட்களில் அளவு குறைய வேண்டும். 2023 இல் வெளியான ஓர் ஆய்வு எம்-3 தரவை நாள்வாரியாகப் பிரித்துப் பார்த்தது. வாலுக்குள்ளும் வெளியேயும் ஏறக்குறைய ஒரே அளவுதான். காந்த வாலில் உள்ள அதிவேக எலக்ட்ரான்களும் நீர் உருவாக உதவலாம் என்று அந்த ஆய்வு விளக்கம் தந்தது. இயற்கையே மாதாமாதம் நடத்தித் தரும் இந்தச் சோதனையை யோசித்துப் பிடித்தது எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

மறுபடி செய்தால் மாற்ற வேண்டியவை

கருவியின் பார்வை பள்ளத்தின் எதிர்ச்சுவர் வரை போக வேண்டும், குறைந்தது 3.5 மைக்ரானைத் தாண்ட வேண்டும். வெப்பநிலையை அதே கோட்டிலிருந்து ஊகிக்காமல், அதே நொடியில் தனிக் கருவி அளக்க வேண்டும். ஒரே இடத்தைக் காலை, உச்சி, மாலை என்று திரும்பத் திரும்பப் பார்க்கும்படி சுற்றுப்பாதை அமைய வேண்டும். சந்திரயான்-1 கலத்துக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை.

இன்னொன்று, என் சொந்தக் கருத்து. திருத்தக் கணக்கில் எதை 'இருக்காது' என்று வைத்துக்கொண்டோம் என்பதைத் தரவோடு சேர்த்து முதல் வரியிலேயே எழுதி வைக்க வேண்டும். பின்னால் வந்து அந்தத் தரவை எடுத்துப் பயன்படுத்துகிறவர் பல நேரம் வரைபடத்தை மட்டுமே பார்க்கிறார்.

இன்றைய நிலை

இந்தக் குறைகளுக்கென்றே வடிவமைத்த கலம் ஒன்று கிளம்பியது. நாசாவின் லூனார் டிரெயில்பிளேசர், 3.6 மைக்ரான் வரை பார்க்கும் நிறமாலைமானியோடும் தனி வெப்ப வரைபடக் கருவியோடும் 2025 பிப்ரவரியில் ஏவப்பட்டது. மறுநாளே தொடர்பு அறுந்தது. அதன் சூரியத் தகடுகள் வெயிலை நோக்கித் திரும்பாததால் மின்சாரம் இல்லாமல் போயிற்று. மாதக்கணக்கில் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு ஜூலை 31 அன்று திட்டத்தை முடித்துக்கொண்டார்கள்.

சந்திரயான்-2 சுற்றுக்கலத்தில் 5 மைக்ரான் வரை பார்க்கும் நிறமாலைமானி இருக்கிறது. அதன் முதல் தரவிலிருந்தே ஹைட்ராக்சிலையும் நீரையும் பிரித்துக் காட்டிய ஆய்வு 2021 இல் வெளியானது. ஆனால் நிலவின் ஏறக்குறைய முழுப் பரப்புக்கும் எல்லோரும் எடுத்துப் பார்க்கும் வரைபடம் இன்னும் 2008-09 இல் எம்-3 அனுப்பியதுதான். வெப்பத் திருத்தத்தை மாற்றி மாற்றி, அதே கோட்டின் அதே வலது கோடியைத்தான் இன்றும் வாசித்துக்கொண்டிருக்கிறார்கள்.